லினக்ஸ் கணினியில் நீங்காத பிழைச் செய்தி

நம் கல்லூரி மாணவருள்ளும் ஆசிரியருள்ளும் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைக் கையாளுவோர் தொகை சிறிதன்று. விலை கொடுத்து வாங்கவேண்டுவதில்லை என்பது ஒரு காரணம். ஏனைய இயங்குதளங்கள் ஏற்க மறுக்கும் பழைய யந்திரத்திலும் அஃது இனிது இயங்கும் என்பது மற்றொரு காரணம். அவ்வாறு கையாளுவோர், சிறப்பாக உபுண்டு என்னும் வகையைக் கொண்டோர், பலகாலும் கண்டிருக்கக்கூடிய காட்சி ஒன்றுண்டு. திரையின் ஓரத்தில் செவ்வட்டத்தினுள் வெண்கோடிட்ட சிறு குறி ஒன்று தோன்றும். தியாகராய நகரின் ஒருவழித் தெருக்களில் வண்டி செலுத்தினோர் அக்குறியை நன்கறிவர். 'நுழையாதே' என்பது அதன் பொருள். அதனை அழுத்தினால், 'பிழை நேர்ந்துள்ளது. முனையத்திற் கட்டளையிட்டு யாது தவறென்று காண்க' என்னும் கருத்துடைய செய்தி வரும். செய்தியை மூடிவிட்டுத் தம் வேலையைத் தொடரலாம். தட்டெழுத்து நடைபெறும், இணையம் திறக்கும், பாட்டும் ஒலிக்கும். ஆனால் மறுநாளும் அக்குறி அவ்விடத்திலேயே நிற்கும்.

இவ்வாறு திங்கட் கணக்காக அக்குறியோடு வாழ்ந்து வருவோர் பலர். அவர் எண்ணிப் பாராதது யாதெனின், அக்குறி நிற்குங்காறும் அக்கணினிக்குப் புதிய திருத்தங்கள் வந்து சேர்கின்றனவா என்பது ஐயத்துக்கிடமானது என்பதே. இணைய உலாவியிற் கண்டுபிடிக்கப்பட்ட ஓர் ஓட்டையை அடைத்து, அதனை இயற்றியோர் திருத்தம் வெளியிடுகின்றனர் என்று கொள்வோம். அத்திருத்தத்தைப் பார்த்தே ஓட்டை இருந்த இடத்தைத் தீயோரும் தெரிந்துகொள்வர். ஆதலின், திருத்தம் வெளிவந்த பின்னர்த் திருத்தப்படாத கணினியின் நிலை முன்னிலும் இழிந்ததாகும். வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லும், மூன்றாண்டு உழைத்து எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையும், குடும்பத்தார் நிழற்படங்களும் அதனுள்ளேதான் இருக்கின்றன.

இக்குறியை நீக்குதற்கு வழி கூறுவோர்க்குக் குறைவில்லை. 'இக்கட்டளையை இட்டுப் பார், அக்கோப்பினை அழித்துப் பார்' என்று ஆளுக்கொரு மருந்து சொல்லுவர். அவற்றுட் பல செய்தியை நீக்குமேயன்றி அதன் காரணத்தை நீக்கா. சில, கேட்டினைப் பெருக்கவும் செய்யும். இக்கட்டுரையில் யாம் வற்புறுத்தப் புகுவது ஒன்றே. செய்தி என்பது பிழையன்று. பரிசோதனையில் தேறாத பொருளை வாயிற்காவலன் உள்ளே விட மறுத்தான் என்னும் அறிவிப்பே அது. ஆகவே, காவலன் வாயை அடைத்தலை விடுத்து, எப்பரிசோதனையில் எப்பொருள் தவறிற்று என்று அவனையே வினவி அறிதல் வேண்டும்.

அப்பரிசோதனைகள் யாவை? பல்கலைக்கழகத் தேர்வுக்குரிய வினாத்தாட் கட்டுக் கல்லூரிக்கு வந்து சேரும் முறையை எண்ணிப் பாருங்கள். தேர்வு மேற்பார்வையாளர் கட்டினைப் பிரிக்குமுன், அதன்மேலுள்ள முத்திரை பல்கலைக்கழகத்துடையதுதானா என்று நோக்குவார். குறித்த தேதி அன்றைய தேதிதானா என்று நோக்குவார். உள்ளே உள்ளவை பட்டியலோடு ஒத்திருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பார். மூன்றனுள் ஒன்று பிழைப்பினும் கட்டினை ஏற்றுக்கொள்ளார். அதனைக் கொண்டுவந்த ஆள் நம்பத்தக்கவனா என்னும் வினாவுக்கு இம்முறையில் அத்துணை இடமில்லை, முத்திரையே பேசுகின்றது.

லினக்ஸ் வகைகளுள் டெபியன் குடும்பத்தைச் சேர்ந்தவை இம்முறையையே மேற்கொண்டுள்ளன. மென்பொருட் பொதிகள் யாவும் களஞ்சியம் எனப்படும் சேவையகத்தில் வைக்கப்பட்டுள்ளன. நம் கணினி முதலிற் கொணர்வது 'ரிலீஸ்' என்னும் சிறு கோப்பு. அதன்கண் தேதி உண்டு. களஞ்சியத்திலுள்ள ஏனைப் பட்டியல்கள் ஒவ்வொன்றன் அளவும், 'ஹாஷ்' என்னும் எண்ணும் உண்டு. களஞ்சியத்தார் இட்ட மின்கையொப்பமும் உண்டு. 'ஹாஷ்' என்பது ஒரு கோப்பின் எழுத்துக்கள் அனைத்தையும் கணக்கிட்டுப் பெறும் 256 பிட்டு நீளமுள்ள எண். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினும் அவ்வெண் முழுதும் மாறிப்போகும். ரிலீஸ் கோப்பிலுள்ள எண், பட்டியலுக்குச் சான்று. பட்டியலிலுள்ள எண், பொதிக்குச் சான்று. இங்ஙனம் ஒரே கையொப்பம் பல்லாயிரம் பொதிகளுக்குக் காவலாக நிற்கின்றது. ஆதலின் பொதி எந்நாட்டுச் சேவையகத்தினின்று வரினும், இடைவழியில் எவர் கைப்படினும், மாற்றப்பட்டிருந்தால் உடனே வெளிப்பட்டுவிடும்.

இக்காவல் தொடக்கத்திலேயே அமைந்ததன்று. டெபியன் 1993-ஆம் ஆண்டில் ஈயன் மர்டாக் என்பவரால் தொடங்கப்பட்டது. பொதிகளைத் தேடிக் கொணரும் 'ஆப்ட்' என்னும் கருவி 1999-இல் வெளியான பதிப்பில் இடம்பெற்றது. 2003 நவம்பரில் டெபியன் குழுவினரின் சேவையகங்கள் சிலவற்றினுள் அயலார் புகுந்தனர். களஞ்சியத்துக்குக் கேடு நேரவில்லை என்று ஆய்ந்து தெளிந்தனரெனினும், அச்சம் நியாயமானதே. கையொப்பத்தைச் சோதிக்கும் முறை 2007 ஏப்ரலில் வெளிவந்த டெபியன் 4.0 பதிப்பில் முழுமையாக அமைந்தது. அதே 2007-இல்தான், நம் நகரத்துத் தரமணி டைடல் பூங்காவில் அலுவலகம் கொண்டுள்ள சி-டாக் நிறுவனத்தார், டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸின் முதற் பதிப்பை வெளியிட்டனர். நந்தனத்தில் அலுவலகம் கொண்ட எல்காட் நிறுவனத்தின் வாயிலாக 2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையின்றி மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றுள் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. ஆகவே, இச்செய்தியைத் தமிழகத்து மாணவர் அறிதற்கு வாய்ப்பு மிகுதியும் உண்டு.

இனிச் செய்தியைப் படிக்கும் முறைக்கு வருவோம். செங்குறி சுருங்கச் சொல்லும், முனையமோ விரித்துரைக்கும். முனையத்தைத் திறந்து, நிர்வாகி உரிமைக்குரிய 'சூடோ' என்னும் சொல்லை முன்னிட்டு, 'ஆப்ட் அப்டேட்' என்னும் கட்டளையை இடுக. வரிகள் பல விரைந்தோடும். ஒவ்வொரு வரியும் ஒரு சிறு சொல்லால் தொடங்கும். 'ஹிட்' என்றால், முன்பு கொணர்ந்த பட்டியல் மாறவில்லை, அதுவே போதும் என்பது பொருள். 'கெட்' என்றால், புதிதாகக் கொணரப்பட்டது. 'இக்ன்' என்றால், கிடைக்கவில்லை, ஆயினும் புறக்கணித்துச் செல்லலாம். 'எர்' என்றால் தவறு. ஈற்றில் 'டபிள்யூ' என்னும் எழுத்தால் தொடங்குவன எச்சரிக்கைகள்; 'ஈ' என்னும் எழுத்தால் தொடங்குவன பிழைகள்.

பெரும்பாலோர் கடைசி வரியையே படிக்கின்றனர். அதுவோ, 'சில பட்டியல்கள் கிடைக்கவில்லை. பழையவையே பயன்படுத்தப்படும்' என்னும் பொதுவுரை. அதனால் யாதொரு பயனும் இல்லை. முதலாவது 'எர்' வரியையே தேடிப் படித்தல் வேண்டும். அவ்வரியில் எக்களஞ்சியம் என்னும் முகவரி இருக்கும். அதன் கீழ் ஏன் என்னும் காரணம் இருக்கும். முகவரியைக் கண்ட அளவிலேயே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுவதுண்டு. ஏனெனில், முதற் களஞ்சியத்தில் தவறு நேர்தல் அருமை. ஏதோ ஒரு செயலிக்காக என்றோ ஒரு நாள் சேர்த்து மறந்துபோன வெளிக்களஞ்சியமே பெரும்பாலும் குற்றவாளியாக நிற்கும். அச்செயலி இப்போது வேண்டாவெனின், அக்களஞ்சியத்தின் பெயரைப் பட்டியலினின்று எடுத்துவிட்டால் தொல்லை ஒழிந்தது.

முதற் களஞ்சியமே பிழையாக நின்றால், யாம் முதற்கண் நோக்கச் சொல்லுவது கணினியின் கடிகாரத்தை. இதனைக் கேட்டு நகைப்போரும் உளர். ஆனால் பழைய மேசைக் கணினிகளில் இஃது அடிக்கடி நேர்வது. தாய்ப்பலகையின்மேல் பொத்தான் வடிவான 'சி. ஆர். 2032' என்னும் சிறு பாட்டரி ஒன்றுண்டு. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுவே. சில ஆண்டுகளில் அது செயலற்றுப்போனால், சுவரிலுள்ள விசையை அணைக்குந்தோறும் கணினி தன்னை உண்டாக்கியோர் வைத்த பழைய தேதிக்கே திரும்பிவிடும். அக்கணினி புதிய ரிலீஸ் கோப்பைக் கொணர்ந்து தேதியைப் பார்த்ததும், 'இக்கோப்புச் செல்லுபடியாகும் காலம் இன்னும் வரவில்லை. இன்னும் இத்தனை நாள் உள்ளன' என்று மறுத்துரைக்கும். நாளைய தேர்வின் வினாத்தாளை இன்றே பிரிக்க மறுக்கும் மேற்பார்வையாளரின் செயலும் இதுவும் ஒன்றே. களஞ்சியத்திற் குறையில்லை, கையொப்பத்திற் குறையில்லை, சில்லறை விலையுள்ள பாட்டரியிற் குறை. ரிச்சித் தெருவில் எக்கடையிலும் அது கிடைக்கும்.

இணையத்தோடு இணைந்தவுடன் கணினி தன் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளாதோ என்று வினவலாம். திருத்திக்கொள்ளும், 'என். டி. பி.' என்னும் நெறிமுறையால் நேரச் சேவையகங்களைக் கேட்டு அறியும். ஆயின் சில நிறுவனங்களின் வலையமைப்பில் அதற்குரிய 123-ஆம் வாயில் அடைக்கப்பட்டிருக்கும். அங்கு நேரம் திருந்தாது, பிழையும் நீங்காது. அதே கணினி வீட்டில் இனிது புதுப்பிக்கப்படுவதும் விடுதியில் மறுக்கப்படுவதும் இதனால் நேரலாம். 'டைம்-டேட்-சிடிஎல்' என்னும் கட்டளை, உள்ளூர் நேரம், உலகப் பொதுநேரம், தாய்ப்பலகைக் கடிகாரத்தின் நேரம் ஆகிய மூன்றனையும் வரிசையாகக் காட்டும்.

அம்மூன்றனையும் ஒப்பிடுங்கால் மற்றொரு நுட்பமும் புலனாகும். விண்டோஸ், தாய்ப்பலகைக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதிவைக்கும். லினக்ஸோ, பொதுவாக உலகப் பொதுநேரத்தை எழுதிவைக்கும். இரண்டும் ஒரே கணினியில் இருப்பின், ஒன்று எழுதியதை மற்றொன்று வேறாகப் படிக்க இடமுண்டு. நம் நாட்டில் அவ்வேறுபாடு சரியாக ஐந்தரை மணி. லினக்ஸின் நேரம் முந்தி ஓடினால் ஆப்ட் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. பிந்தி நின்றாலோ, சில மணி நேரத்துக்கு முன் கையொப்பமிட்ட கோப்பு எதிர்காலத்ததாகத் தோன்றும். ஆகவே, 'இன்னும் 4 மணி, இன்னும் 5 மணி' என்று ஐந்தரைக்குட்பட்ட ஓரளவைச் செய்தி கூறுமாயின், பாட்டரியை ஐயுறாது இரு இயங்குதளங்களின் நேர ஏற்பாட்டை நோக்குக. நாட்கணக்கிற் கூறுமாயின் பாட்டரியை நோக்குக.

நேரத்தைப் பற்றிப் பேசுங்கால் நம் நகரத்தின் பழம்பெருமை ஒன்று நினைவுக்கு வருகின்றது. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் கோல்டிங்ஹாம் என்பார் 1802-இல் இந்நகரின் நேரத்தைக் கிரீன்விச் நேரத்தினும் 5 மணி 21 நிமிஷம் முந்தியதெனக் கணித்தார். பின்னர் இருப்புப்பாதை வண்டிகள் நாடெங்கும் அந்தச் 'சென்னை நேர'த்தைக் கொண்டே ஓடின. 1906-ஆம் ஆண்டில் இந்தியப் பொதுநேரம் வந்தபின் அது வழக்கொழிந்தது. ஊருக்கோர் நேரம் இருந்தால் ரெயில் வண்டி ஓடாது என்று அக்காலத்தார் கண்ட உண்மையும், நேரம் ஒவ்வாத கணினிக்கு மென்பொருள் வாராது என்று நாம் காணும் உண்மையும் ஒரே இனத்தன.

கடிகாரம் செவ்வனே இருப்பின், அடுத்து நோக்கத்தக்கது வலை. கல்லூரி விடுதிகளிலும் காப்பிக் கடைகளிலும் உள்ள கம்பியில்லா இணையம், பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு ஒரு பக்கத்தை முதலிற் காட்டுவதுண்டு. அப்பக்கத்தை நிரப்பாமுன் கணினி எதைக் கேட்பினும் வலை அப்பக்கத்தையே திருப்பிக் கொடுக்கும். ஆப்ட் ரிலீஸ் கோப்பைக் கேட்க, வலை நுழைவுப் பக்கத்தை நீட்டுகின்றது. ஆப்ட் அதில் கையொப்பம் தேடிக் காணாது திகைக்கின்றது. அப்பொழுது அது தரும் செய்தியில், 'நோஸ்பிளிட்' என்னும் விளங்காத சொல்லை அடுத்து, 'இவ்வலை அடையாளச் சான்று வேண்டுகின்றதோ?' என்னும் வினாவும் வருகின்றது. இதனினும் தெளிவாக ஒரு கருவி பேசுதல் அரிது. எனினும், விளங்காத முற்சொல்லைக் கண்டு மிரண்டு, விளங்கும் பிற்சொல்லைப் படியாது விடுவோரே மிகுதி. உலாவியைத் திறந்து நுழைவுப் பக்கத்தை நிரப்பிவிட்டு மீண்டும் கட்டளையிட்டால் தீர்ந்தது. 'ஹாஷ் எண் ஒவ்வவில்லை' என்னும் செய்தியும் இதனோடு ஒத்தது. இடையிலுள்ள சேமிப்புச் சேவையகம் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் கலந்து தந்துவிட்டது என்பதே அதன் பொதுக் காரணம். சற்றுப் பொறுத்து மீண்டும் முயல்க. அன்றேல் வேறு களஞ்சியப் பிரதியைத் தேர்க.

இனிக் கையொப்பத்தைப் பற்றிய செய்திகள். இப்பகுதியை மாணவர் ஊன்றிப் படித்தல் வேண்டும். ஏனெனில் கேடு சூழ்வது இங்கேதான். 'நோ பப்கீ' என்னும் சொல்லும், அதன்பின் பதினாறு எழுத்தெண்களும் தோன்றினால், கையொப்பத்தைச் சரிபார்த்தற்குரிய பொதுத் திறவுகோல் நம் கணினியில் இல்லை என்பது பொருள். 'எக்ஸ்ப்கீசிக்' என்று தோன்றினால், திறவுகோல் இருக்கின்றது, ஆனால் அதற்குக் குறித்த காலம் கழிந்துவிட்டது. களஞ்சியத்தார் சில ஆண்டுகட்கொரு முறை திறவுகோலை மாற்றுவதும், காலத்தை நீட்டிப்பதும் வழக்கமே. கையொப்பம் பொய்யென்று இச்செய்திகள் கூறவில்லை. மெய்யென்று அறிய வகையில்லை என்றே கூறுகின்றன.

இவ்விடத்தில், களஞ்சியப் பட்டியலில் 'டிரஸ்டட்' என்னும் சொல்லை எழுதி, 'ஆம்' என்று விடை சேர்த்துவிடு என்று சொல்லுவார் உளர். அவ்வாறு செய்தால் செங்குறி மறையும், மாணவர் மகிழ்வர். செய்தது யாது? 'முத்திரையைப் பாராதே; எவர் கொணர்ந்த கட்டாயினும் வாங்கிக்கொள்' என்று மேற்பார்வையாளர்க்கு ஆணையிட்டதே. கணினியில் பொதிகள் நிறுவப்படுவது நிர்வாகியின் முழு உரிமையோடு; ஆகவே, முத்திரையின்றி உள்ளே வந்த பொதி செய்யக்கூடாதது ஒன்றுமில்லை. அன்றியும், அவ்வொரு சொல்லை எழுதியவர் அதனை மறந்துவிடுவர். அது மட்டும் ஆண்டுகள் பல அங்கேயே கிடக்கும். எமது கருத்தில், செங்குறியோடு கூடிய கணினியைவிட இவ்வாறு செங்குறி நீங்கிய கணினியே அஞ்சத்தக்கது. முன்னது தன் குறையைச் சொல்லுகின்றது, பின்னது மறைக்கின்றது.

நேர்வழி சிறிது நீண்டதே. களஞ்சியத்தை நடத்துவோரின் சொந்தத் தளத்துக்குச் சென்று புதிய திறவுகோலைப் பெறுக. அதன் 'கைரேகை' எனப்படும் நீண்ட எண்ணை, அவர்தம் அறிவிப்பிலுள்ள எண்ணோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுக. பின்னர் 'இ-டி-சி' என்னும் அடைவினுள்ளே 'ஆப்ட்' என்னும் பிரிவில் 'கீரிங்ஸ்' என்னும் இடத்தில் அதனை வைத்து, அக்களஞ்சியத்துக்கு மட்டும் அத்திறவுகோல் உரியதென்று 'சைன்டு-பை' என்னும் சொல்லால் பட்டியலிற் குறிக்க. பழைய குறிப்புக்கள் பலவற்றிற் காணும் 'ஆப்ட்-கீ' என்னும் கட்டளை இப்போது கைவிடத்தக்கதென அறிவிக்கப்பட்டுவிட்டது. அது சேர்க்கும் திறவுகோல் எல்லாக் களஞ்சியங்களுக்கும் பொதுவாகிவிடும்; ஒரு கடைக்காரனுக்கு வீட்டின் அறைகள் அனைத்தின் சாவியையும் கொடுத்தது போலாகும்.

காவலனும் தவறக் கூடுமோ எனின், கூடும். 2019 ஜனவரியில் மாக்ஸ் ஜஸ்டிக்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் ஆப்ட் கருவியிலேயே ஒரு குறையைக் கண்டார். இடைவழியில் நிற்கும் ஒருவன், முகவரி மாற்ற அறிவிப்பைத் திரித்து, பொய்ப் பொதியை மெய்ப்பொதியாக ஏற்கச் செய்யலாம் என்பது அது. டெபியன் குழுவினர் விரைந்து திருத்தம் வெளியிட்டனர். அத்திருத்தத்தையும் குறையுள்ள அதே ஆப்ட் வாயிலாகத்தானே பெறவேண்டும்? ஆதலின், அம்முறை மட்டும் முகவரி மாற்றத்தை ஏலாதவாறு எவ்வாறு கட்டளையிடுவது என்பதையும் உடன் அறிவித்தனர். புதுப்பித்தல் நின்றுபோயிருந்த கணினிகளுக்கு அத்திருத்தம் போய்ச் சேர்ந்திராது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

மற்றொரு வகைச் செய்தி, 'அப்பொருள் இவ்விடத்தில் இல்லை' என்னும் 404 எண்ணோடு வருவது. 'இக்களஞ்சியத்தில் ரிலீஸ் கோப்பு இல்லை' என்றும் வரும். பதிப்பின் ஆயுள் முடிந்தது என்பதே பெரும்பாலும் இதன் பொருள். உபுண்டுவின் இடைப் பதிப்புக்கு 9 திங்களும், நீண்டகாலப் பதிப்புக்கு 5 ஆண்டுகளும் பொதுவான பராமரிப்பு. 2019 ஜூலையில் வெளிவந்த டெபியன் 10-க்கு நீண்டகாலப் பராமரிப்பு 2024 ஜூனில் முடிவுற்றது. ஆயுள் முடிந்த பதிப்பைச் சேவையகத்தினின்று எடுத்துப் பழஞ்சுவடி நிலையத்தில் வைத்துவிடுவர். முகவரியை அந்நிலையத்துக்கு மாற்றினால் செய்தி மறையும். பழைய பொதியும் கிடைக்கும். அங்குள்ள கோப்பிற் குறித்த காலம் கழிந்திருப்பின், தேதிச் சோதனையை மட்டும் தளர்த்துதலும் குற்றமன்று. முத்திரைச் சோதனை அப்போதும் நிற்கின்றது. ஆனால் புதிய திருத்தம் அங்கு ஒருநாளும் வாராது. 2011-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வழங்கிய மடிக்கணினியைத் தம்பி தங்கையர்க்கென்று இன்னும் வைத்திருப்போர், பழைய இயங்குதளத்துக்குக் களஞ்சியம் தேடி அலைதலை விடுத்து, தம் கோப்புக்களை வேறிடத்திற் படியெடுத்துக்கொண்டு, அந்த யந்திரம் தாங்கும் இலேசான புதிய பதிப்பொன்றை நிறுவுதலே தக்கது.

மின்சாரம் தடைப்பட்டதனால் வரும் பிழை நம் ஊரார்க்கு விளக்கவேண்டாதது. 2012-இல் சென்னையில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு இருந்தது. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தாப் புயல் வீசியபின் பல பகுதிகளில் நாட்கணக்காக மின்சாரம் இல்லை. பொதியை நிறுவிக்கொண்டிருக்கும்போது கணினி அணைந்துவிட்டால், பாதி விரித்த நிலையில் அது கிடக்கும். மீண்டும் இயக்குங்கால், 'டி-பேக்கேஜ் இடையில் நின்றது. இன்ன கட்டளையை இடுக' என்று செய்தியே மருந்தையும் சொல்லிவிடுகின்றது. சொன்னபடி செய்தலே போதும். 'பூட்டினைப் பெறமுடியவில்லை' என்னும் செய்தி வரின், வேறொரு நிரல் அப்போது புதுப்பித்துக்கொண்டிருக்கின்றது. கணினியை இயக்கிய சில நிமிஷங்களில் தானே தொடங்கும் புதுப்பித்தலாகவும் இருக்கலாம். பொறுத்திருக்க. பூட்டுக் கோப்பை அழிக்கும்படி கூறும் குறிப்பைப் பின்பற்றினால் இரு கைகள் ஒரே ஏட்டில் எழுதியது போலாகும். வட்டில் இடம் நிறைந்துவிடுதலும் ஒரு காரணம். பழைய கெர்னல் பொதிகளை நீக்க இடம் உண்டாகும்.

எஞ்சியது, செங்குறியோடு 'புரோக்கன் கவுண்ட்' என்னும் சொல் தோன்றும் நிலை. ஒரு பொதி வேறொரு பொதியைச் சார்ந்து நிற்க, அச்சார்பு நிறைவேறாமல் இருக்கின்றது என்பது அதன் பொருள். வெளிக்களஞ்சியத்தினின்று கொணர்ந்த பொதி முதற் களஞ்சியத்துப் பொதியோடு மாறுபடுதலே பெருங்காரணம். 'பிக்ஸ்-புரோக்கன்' என்னும் குறிப்போடு ஆப்ட் கருவியை ஏவினால், எவற்றை நிறுவுதல் வேண்டும், எவற்றை நீக்குதல் வேண்டும் என்று பட்டியலிட்டு நம் இசைவைக் கேட்கும். நீக்கப்படுவனவற்றின் பட்டியலை ஒருமுறைக்கிருமுறை படித்த பின்னரே இசைவு தருக. 2021-ஆம் ஆண்டில் லைனஸ் செபாஸ்டியன் என்னும் புகழ்பெற்ற காணொளி ஆசிரியர் (லினக்ஸைப் படைத்த லைனஸ் டார்வால்ட்ஸ் வேறு) பாப் ஓ. எஸ். என்னும் லினக்ஸ் வகையில் விளையாட்டுச் செயலி ஒன்றை நிறுவப் புகுந்தார். அச்சமயம் அக்களஞ்சியத்தில் சார்புக் குறை ஒன்று இருந்தது. 'இவற்றை நீக்குதல் கேடு விளைக்கும்' என்று ஆப்ட் எச்சரித்து, 'ஆம், நான் சொன்னபடி செய்' என்னும் வாசகத்தை முழுதும் எழுதினாலன்றிச் செய்யேன் என்று நின்றது. அவர் எழுதினார், திரையிற் காணும் முகப்புச் சூழல் முழுதும் நீக்கப்பட்டுக் கருந்திரை எஞ்சிற்று. உலகம் அக்காட்சியைக் கண்டு நகைத்தது; கருவியை இயற்றியோர் நகையாது, அத்தகைய நீக்கத்துக்கு இசைவு பெறும் முறையைப் பின்னர் இன்னும் கடினமாக்கினர்.

இவற்றாலும் தீராதபோது பிறரைக் கேட்டல் வேண்டும். 'என் கணினியிற் பிழை வருகின்றது' என்று மட்டும் கூறினால் எவரும் விடை சொல்ல இயலாது. முதல் 'எர்' வரியையும் அதன் கீழ் வரியையும் ஓர் எழுத்தும் குறையாமல் படியெடுத்துக் காட்டுக. இயங்குதளத்தின் பெயரும் பதிப்பெண்ணும் கூறுக. அன்று காலையில் எவ்வலையில் இருந்தீர், முந்தின நாள் எக்களஞ்சியத்தைச் சேர்த்தீர் என்பதையும் மறையாது சொல்லுக. சென்னை லினக்ஸ் பயனர் குழுவினர் ஐ. ஐ. டி. வளாகத்தில் கூட்டங்கள் நடத்தி, வினவியவர்க்கெல்லாம் விடை சொல்லி வந்தமையைப் பழைய மாணவர் சிலர் நினைவுகூர்வர். ஆங்கிலச் செய்தியைக் கண்டு மலைப்போர்க்கு, 2012 முதல் தமிழில் வெளிவரும் 'கணியம்' என்னும் மின்னிதழ் துணைசெய்யும். பிழை தீர்ந்ததா என்பதைச் செங்குறியைக் கொண்டு முடிவு செய்யாதீர். அது சிறிது நேரம் கழித்தே மறைவதுமுண்டு. 'ஆப்ட் அப்டேட்' கட்டளையை மீண்டும் இட்டு, வரிகள் அனைத்தும் 'ஹிட்' அல்லது 'கெட்' என்று தொடங்கி, ஈற்றில் 'ஈ' என்னும் எழுத்தின்றி முடிகின்றனவா என்று பார்த்து, உடனே 'ஆப்ட் அப்கிரேட்' என்னும் கட்டளையையும் இட்டு, இத்தனை காலம் தேங்கி நின்ற திருத்தங்களை உள்ளே வரவிடுக.